கேட்காமல் செய்துகொண்ட சமாதானம்

1

'நீதியான அமைதி' என்கிற சொற்சேர்க்கை அடிக்கடி நம் காதில் விழுகிறது. 1967 நவம்பர் 22 இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242 ஆம் தீர்மானம், மேற்காசியாவில் நீதியான, நிலைத்த அமைதி வேண்டும் என்றது. 2023 பிப்ரவரி 23 இல் ஐ.நா. பொது அவை உக்ரைனுக்காக அதே சொல்லை எடுத்துக்கொண்டது. 141 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன, 32 ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் உண்டு, இலங்கையும் உண்டு. இடையில் எத்தனையோ வெளியுறவு அமைச்சர்கள், எத்தனையோ கூட்டறிக்கைகள். சர்வதேசச் சட்டப்படி நீதியான அமைதி காணப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்கள். யாரிடம் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் தெளிவாக இருப்பதில்லை.

242 ஆம் தீர்மானத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். அதில் பாலஸ்தீனியர் என்கிற பெயரே கிடையாது. 'அகதிகள் பிரச்சினைக்கு நீதியான தீர்வு' என்று ஒரு வரி உண்டு. யாருடைய நிலம், யாருடைய வீடு என்கிற கேள்வியின் நடுவில் இருந்த ஒரு மக்கள் கூட்டம், பிரதிக்குள் வரும்போது பெயர் இழந்து ஒரு 'பிரச்சினை'யாக மாறிவிட்டது. பிரச்சினைகளுக்கு வாய் கிடையாது. அவற்றைத் தீர்ப்பதற்குத்தான் மற்றவர்கள் இருக்கிறார்களே.

இந்த மொழி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நாம் ஜெருசலேம் வரை போக வேண்டியதில்லை. தென்காசிப் பக்கமே போதும். 1964 அக்டோபர் 30 இல் புதுடெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றியே இங்கே பேச நினைக்கிறேன். ஈழப் பிரச்சினை பற்றி நாம் எழுதிக் குவித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்பதும் இந்தக் கட்டுரையின் கேள்விதான்.

2

சுரண்டையில் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருந்தாள். எல்லோருக்கும் அவள் 'சிலோன் ஆச்சி'. பீடி சுற்றிப் பிழைத்தாள். தெருவில் மற்ற பொம்பளைகளும் பீடிதான் சுற்றினார்கள். ஆனால் அவளை மட்டும் ஒரு பெயர் வைத்துத் தனியாக நிறுத்தியிருந்தோம். அவளுடைய அப்பா சுரண்டைக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து, பஞ்சத்தில், கங்காணி கொடுத்த முன்பணத்தில் கப்பல் ஏறியவர். அவள் பிறந்தது அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். கல்யாணம், ஐந்து பிள்ளைகள், அதில் இரண்டு சாவு, எல்லாம் அங்கேதான். எழுபதுகளின் நடுவில் ராமானுஜம் கப்பலில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, சுற்றி அலைந்து, கடைசியில் அப்பா ஊர் என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். அப்பா ஊரில் அவளை யாருக்கும் தெரியாது. அவளுக்கும் யாரையும் தெரியாது.

இளவயதில் நான் ஒருநாள் அரசியல் பேசுகிற மிதப்பில் கேட்டேன்: "ஏன் ஆச்சி, அங்கேயே இருப்பேன்னு நீங்க சொல்லியிருக்கலாம்லா?"

"எங்கள எவன் ராசா கேட்டான்? பெரட்டுக்களத்துல காலையில பேர் வாசிப்பான்ல, அந்த மாதிரி வாசிச்சாங்க. எம் பேர் இந்தியாவுக்குன்னு வந்திச்சு. எந் தங்கச்சி பேர் அங்கயே நின்னுட்டுது. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவளுக."

பெரட்டு என்பது தோட்டத்தில் தொழிலாளிகளை விடிகாலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவது. இன்றைக்கு நீ எந்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டும் என்று துரை முடிவு செய்வார், கணக்கப்பிள்ளை வாசிப்பார். இரண்டு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தை ஆச்சி புரிந்துகொண்டது இப்படித்தான். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. பிறகு ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்தபோதுதான் அவளுடைய விளக்கமே சரியானது என்று தெரிந்தது.

3

கதை 1948 இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் சுதந்திரம் பெற்ற இலங்கை, அதே ஆண்டில் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நவம்பர் 15 இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதையும் ஆவணத்தோடு காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு ஏது பிறப்புச் சான்று, பாட்டனுக்கு ஏது? 1949 இல் வந்த 'இந்திய பாகிஸ்தானிய வதிவிடக் குடியுரிமைச் சட்டம்' ஒரு சின்னக் கதவைத் திறந்தது. அதன்கீழ் எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு பரிசீலனைக்குப் பிறகு ஏற்கப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. அதே 1949 இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை போயிற்று. 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து தங்கள் பிரதிநிதிகளை அனுப்பிய மக்களுக்கு 1952 தேர்தலில் ஓட்டும் இல்லை, ஆளும் இல்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்த 25 ஆம் நாள், 1948 டிசம்பர் 10 இல், பாரிஸ் நகரத்தில் ஐ.நா. பொது அவை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 15 ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமைக்கு உரிமை உண்டு என்கிறது. யாருடைய குடியுரிமையையும் மனம்போனபடி பறிக்கக் கூடாது என்கிறது. இலங்கை அன்று ஐ.நா. உறுப்பினர் இல்லை; 1955 டிசம்பரில்தான் ஆனது. ஆனால் இந்தியா இருந்தது, பிரகடனத்தை ஆதரித்து வாக்களித்தது. பிரகடனம் சட்டம் ஆகாது, நல்லெண்ணம்தான் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். சரி, சட்டத்தையே பார்ப்போம்.

சோல்பரி அரசியல் சட்டத்தின் 29(2) ஆவது பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் குறைபாடு உண்டாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்காளர் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கோடக்கன்பிள்ளை வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 1953 இல் தீர்ப்பு. தன் குடிமக்கள் யார் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான உரிமை. இதில் பாரபட்சம் எதுவும் இல்லை. முடிந்தது. சட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்கிற சொல் வரவில்லையே, அப்புறம் எப்படிப் பாரபட்சம்? ஒரு வகை மக்களைப் பெயர் சொல்லாமலேயே வெளியே தள்ளும் கலையைச் சட்டமொழி அன்றே நன்றாகக் கற்றிருந்தது.

இதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1955 ஏப்ரல் 6 இல், ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் நோட்டெபோம் வழக்கில் தீர்ப்பளித்தது. குவாதமாலாவில் வாழ்ந்த ஒரு ஜெர்மன் வியாபாரி, போர்க்காலத்தில் லீச்டென்ஸ்டைன் குடியுரிமையை அவசரமாக வாங்கிக்கொண்டார். அது செல்லுமா என்பது வழக்கு. குடியுரிமை என்பது வெறும் காகிதம் அல்ல. ஒருவருடைய வாழ்க்கையும் நலன்களும் உணர்வும் உண்மையில் எந்த மண்ணோடு பிணைந்திருக்கின்றன என்பதே அதன் அடிப்படை என்று நீதிமன்றம் சொன்னது. பணக்காரரின் காகிதக் குடியுரிமையை மறுப்பதற்காகச் சொல்லப்பட்ட நியாயம் இது. இதே நியாயத்தை அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கொண்டுபோனால் என்ன ஆகும்? காட்டை அழித்துக் காப்பி நட்டு, காப்பி அழிந்தபின் தேயிலை நட்டு, செத்தவர்களை அந்தத் தேயிலைக்கு அடியிலேயே புதைத்தவர்களைவிட அந்த மண்ணோடு 'உண்மையான பிணைப்பு' உள்ளவர்கள் யார்? யாரும் அதை அங்கே கொண்டுபோகவில்லை. ஹேக் நீதிமன்றத்தில் அரசுகள்தான் வழக்காட முடியும். இவர்களுக்காக வழக்காட எந்த அரசும் இல்லை. நாடற்றவர் என்பதன் பொருளே அதுதானே.

4

இந்தியா என்ன செய்தது? நேரு இருந்தவரை ஒரு நிலைப்பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். இலங்கை தள்ளிவிட்டது என்பதனாலேயே இவர்கள் தானாக இந்தியக் குடிமக்கள் ஆகிவிட மாட்டார்கள். விரும்பிக் கேட்டு, தகுதியும் உள்ளவர்கள்தான் ஆவார்கள். 1954 ஜனவரியில் கொத்தலாவலையோடு செய்துகொண்ட ஒப்பந்தமும் இதைத் தீர்க்கவில்லை. நேருவின் நிலைப்பாட்டில் மனிதாபிமானம் எவ்வளவு, கையைக் கழுவிக்கொள்வது எவ்வளவு என்று விவாதிக்கலாம். ஆனால் அதில் ஒரு கொள்கை இருந்தது: ஆளின் விருப்பம் இல்லாமல் குடியுரிமையைத் திணிக்க முடியாது.

1964 மே 27 இல் நேரு இறந்தார். 1962 சீனப் போரின் அடி ஆறவில்லை. அண்டை நாடுகளைச் சரிக்கட்ட வேண்டிய அவசரம் டெல்லிக்கு இருந்தது. அந்தச் சீனப் போரில் சமரசம் செய்ய 1962 டிசம்பரில் கொழும்பில் ஆறு அணிசேரா நாடுகளைக் கூட்டியவர் சிறிமாவோ. சமாதானத் தூதர் என்கிற பெயர் அவருக்கு இருந்தது. டெல்லிக்கு அவரிடம் ஒரு கடனும் இருந்தது.

1964 அக்டோபர் 5 முதல் 10 வரை கெய்ரோவில் அணிசேரா நாடுகளின் இரண்டாவது உச்சி மாநாடு. சாஸ்திரியும் போனார், சிறிமாவோவும் போனார். மாநாட்டுப் பிரகடனத்தின் தலைப்பு அமைதிக்கும் சர்வதேச ஒத்துழைப்புக்குமான திட்டம். மக்களின் சுயநிர்ணய உரிமை, இனப்பாகுபாட்டுக்கு எதிர்ப்பு, ஐ.நா. சாசனம் எல்லாம் அதில் உண்டு. கெய்ரோவுக்கும் டெல்லிக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று வாரம்.

டெல்லியில் கையெழுத்தானது இதுதான். இலங்கையில் இருக்கும் 'இந்திய வம்சாவளி' நாடற்றவர் ஏறத்தாழ 9,75,000. இவர்களில் 5,25,000 பேரை, அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளோடு, இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு, அதேபோல் பிள்ளைகளோடு, இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 15 ஆண்டில் முடித்துவிட வேண்டும். அந்த மிச்சத்தையும் 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக்கிக்கொண்டார்கள்.

சரிபாதி! சொத்துப் பாகப்பிரிவினையில்கூட, பங்காளிகள் உட்கார்ந்து பேசும்போது, இந்த மாடு யாரோடு பழக்கம் என்று கேட்பார்கள்.

தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான் அன்று பாராளுமன்றத்துக்குள் இருந்தவர். தங்களிடம் கலந்து பேசவில்லை என்று எதிர்த்தார். பயன் இல்லை. இதில் சர்வதேசச் சட்டத்துக்கு எதிராக எதுவும் நடக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இரண்டு இறையாண்மை கொண்ட அரசுகள் மனமுவந்து செய்துகொண்ட ஒப்பந்தம். 1969 இல் வியன்னாவில் தொகுக்கப்பட்ட ஒப்பந்தங்கள் பற்றிய சட்டத்தின் 34 ஆவது பிரிவு, ஓர் ஒப்பந்தம் மூன்றாவது நாடு ஒன்றை அதன் சம்மதம் இல்லாமல் கட்டுப்படுத்தாது என்கிறது. மாலத்தீவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால்கூட மாலத்தீவைக் கேட்டிருக்க வேண்டும். பத்து லட்சம் மனிதர்களைப் பற்றி எழுதும்போது கேட்க வேண்டியதில்லை. அவர்கள் மூன்றாவது நாடு இல்லையே. அவர்கள் ஒப்பந்தத்தின் தரப்பு அல்ல, ஒப்பந்தத்தின் பொருள்.

5

ஒப்பந்தத்தை நிறைவேற்றும் சட்டத்தை இலங்கை 1967 இல் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு 7 பேர் என்றால் இலங்கைக்கு 4 பேர் என்கிற விகிதம். 1971 இல் சிறிமாவோ அரசு அதை இன்னும் இறுக்கியது: 7 பேர் உண்மையாகவே கப்பலேறிப் போனால்தான் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். ஒருத்தி அங்கே குடிமகளாக வேண்டுமானால் பக்கத்து லயத்தில் இருப்பவள் போயாக வேண்டும். ஒருவரின் உரிமை மற்றவரின் வெளியேற்றத்தில் தங்கியிருக்கிறது. அதிகாரம் மேலேயிருந்து அழுத்துகிறது என்று மட்டும்தான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இங்கே அது அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆச்சி சொன்னாளே, ஒரே வயித்துல பொறந்தவளுக என்று.

விருப்பம் கேட்டார்கள், விண்ணப்பம் வாங்கினார்கள் என்று வாதிடுவோர் உண்டு. வாங்கினார்கள்தான். இலங்கைக் குடியுரிமை கேட்டு வந்த விண்ணப்பங்கள் 3,00,000 என்கிற ஒதுக்கீட்டைத் தாண்டி எங்கேயோ போயின. மக்கள் தங்கள் வாக்கெடுப்பை நடத்தி முடித்துவிட்டார்கள்; அதை எண்ணுவதற்கு எவரும் இல்லை. அதற்குப் பிறகு வந்தது 1973, 74 இன் பட்டினி. தோட்டங்கள் அரசுடைமையான காலத்தின் விரட்டல். 1977 வன்முறை, 1981 வன்முறை, 1983. இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களில் பலர் 'விரும்பி' விண்ணப்பித்தது இப்படித்தான். பசியை விருப்பம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது.

ஒப்பந்தம் கையெழுத்தான எட்டாவது வாரம், 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் தின்றது. பாம்பன் பாசஞ்சர் ரயில் மனிதர்களோடு கடலுக்குள் போனது. இறங்குதுறை ராமேஸ்வரத்துக்கு மாறியது. அங்கேதான் அடுத்த இருபது ஆண்டு ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். 1984 இல் கப்பல் நின்றது. அதற்குள் வந்தவர்கள் பிள்ளைகளோடு சேர்த்து நான்கு லட்சத்துக்கும் மேல். இவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஆச்சி திரும்பவில்லை, முதல்முறையாக வந்தாள். வாழ்நாளில் பார்த்திராத ஒரு மண்ணுக்கு ஒருத்தியை நாடுகடத்திவிட்டு, அதற்குத் திரும்புதல் என்று பெயர் வைக்க ஒரு மொழி வேண்டும். ராஜதந்திரம் அந்த மொழி.

இது நம் துணைக்கண்டத்துக் கண்டுபிடிப்பு இல்லை. 1923 ஜனவரி 30 இல் லோசான் நகரத்தில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்தன. துருக்கியிலிருந்த பன்னிரண்டு லட்சம் அளவுள்ள வைதீகக் கிறித்தவர்களும், கிரேக்கத்திலிருந்த மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் கட்டாயமாக இடம் மாற்றப்பட்டார்கள். கிரேக்கம் பேசிய முஸ்லிம்கள் துருக்கிக்கு, துருக்கியே பேசிய கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கு. இந்த யோசனையை முன்னெடுத்தவர் ஃபிரிட்யோஃப் நான்சென், நார்வேக்காரர். நல்ல மனிதர்தான். நாடற்றவர்களுக்குப் பயண ஆவணம் வாங்கிக் கொடுத்தவர். 1922 இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். மக்களை இடம் மாற்றி அமைதி காண்பது என்கிற முறைக்கு லோசான் ஒரு சட்ட மரியாதையை வாங்கிக் கொடுத்தது. தீயவர்கள் செய்த காரியம் என்று தள்ளிவிட முடிந்தால் நமக்குச் சுலபமாக இருந்திருக்கும். சமாதானத்தை விரும்பியவர்கள்தான் செய்தார்கள்.

6

இதற்குப் பிந்திய கதை வாசகர்களுக்குத் தெரியும். வேகமாகப் போகலாம்.

1985 ஜூலை 13 இல் திம்புவில் ஈழ இயக்கங்களும் தமிழர் விடுதலைக் கூட்டணியும் நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன. தேசிய இனம், தாயகம், சுயநிர்ணயம் என்பவை முதல் மூன்று. நான்காவது, இலங்கையைத் தம் நாடாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் முழுக் குடியுரிமை. நம் மேடைகளில் முதல் மூன்றும் முழங்கின. நான்காவது ஒரு வாலைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் நடந்தது அந்த நான்காவதுதான்; அதுவும் திம்புவில் அல்ல. 1986 ஜனவரியில் மலையகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் பிரார்த்தனை என்கிற பெயரில் போராடினார்கள். அரசு இறங்கி வந்து அந்த ஆண்டும் 1988 இலும் சட்டம் இயற்றியது. ஆயுதம் இல்லாமல், ராஜதந்திரி இல்லாமல், தேயிலைக் கொழுந்தைப் பறிக்காமல் விட்டே சாதித்தார்கள். இதை நம்மில் எத்தனை பேர் வரலாறாக எழுதினோம்?

1987 ஜூலை 29 ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அதோடு இணைத்த கடிதங்களைப் படித்தால் டெல்லியின் கவலைகள் தெரியும்: திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், வெளிநாட்டு ஒலிபரப்பு. அமைதி காக்கப் போன படை அக்டோபர் 10 முதல் போர் செய்தது. 1990 மார்ச்சில் திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசம். அக்கிரமத்தை அரசுகள் மட்டும்தான் செய்யும் என்பதில்லை. தன்னை அரசாக நினைத்துக்கொள்ளத் தொடங்கிய எவரும் செய்வார்கள். அதைக் கண்டிக்கத் தயங்கியவர்கள் 1964 ஐப் பற்றிப் பேசும் தகுதியில் பாதியை இழந்துவிட்டோம்.

2002 பிப்ரவரி 22, நார்வே நடுநிலையில் போர்நிறுத்தம். நான்சென் பிறந்த நாடு மறுபடியும். 2008 ஜனவரியில் அரசு அதிலிருந்து விலகியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால். ரத்தம் காயவில்லை, மே 27 இல் ஜெனீவா மனித உரிமை அவையில் இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்ப்பு 12, விலகல் 6. ஆதரித்தவர்கள் வரிசையில் இந்தியா, சீனா, பாகிஸ்தான், கியூபா, ரஷ்யா. எந்த மேடையிலும் சேராதவர்கள் சேர்ந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த மூவர் குழு, கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011 இல் சொன்னது. 2012, 2013 தீர்மானங்களை இந்தியா ஆதரித்தது. 2013 மார்ச்சில் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்ததற்கு அதில் பங்கு உண்டு. 2014 இல் விலகியது, 2021 இல் விலகியது, 2022 இல் விலகியது. ஒவ்வொரு முறையும் நீதி, சமத்துவம், கண்ணியம் என்கிற சொற்களை உச்சரித்துவிட்டுத்தான் விலகியது.

ஒன்று சொல்ல வேண்டும். 2009 ஜனவரி 29 இல் முத்துக்குமார் தீக்குளித்தது சென்னையில் மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் சாஸ்திரி பவன் வாசலில். போரை நிறுத்து என்று எந்த அரசிடம் கேட்டாரோ அந்த அரசின் கட்டடம். அதற்கு அந்தப் பெயர் வந்த மனிதரின் கையெழுத்து 1964 ஒப்பந்தத்தில் இருக்கிறது. அன்று ஊரெங்கும் ஒட்டிய சுவரொட்டி ஒன்றில்கூட நாம் இதை நினைவுகூரவில்லை. தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர் அவர். அந்தத் தூத்துக்குடி வழியாகத்தான் நம் ஜில்லாவிலிருந்து தோட்டத்துக்கு ஆட்கள் போனார்கள். தட்டப்பாறை முகாமில் நிறுத்திவைத்து, நோய் பார்த்து, கப்பலேற்றினார்கள்.

7

ஏன் நினைவுகூரவில்லை? இங்கேதான் நம்மைப் பார்த்து நாமே பேச வேண்டியிருக்கிறது.

மலையகத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும். நிலமில்லாதவர்கள். புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மருதியைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பியது 1935 இல். அந்தக் கதையில் தெரிகிற ஊரின் கொடுமைதான் ஆட்களைக் கப்பலேற்றியது. கங்காணியின் பசப்பு அதற்கு மேல் வந்தது. அதாவது முதல் வெளியேற்றத்தைச் செய்தது நம் ஊர். யாழ்ப்பாணத்து மேட்டுக்குடித் தலைமை 1948 இல் இவர்களைக் கைவிட்டது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதில் செல்வநாயகம் போன்றவர்கள் விலகி நின்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதும் உண்டு. ஆனால் 1964 இல் சென்னை மாகாணத்தில் இருந்த நாம் என்ன செய்தோம்? சிலர் கண்டித்தார்கள். அதற்கு அடுத்த ஜனவரியில் இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடே எரிந்தது. தமிழ் என்கிற மொழிக்காக எரியத் தெரிந்த நாம், தமிழ் பேசிய ஐந்தேகால் லட்சம் பேரைப் பண்டம்போலப் பங்கிட்டதற்கு எரியவில்லை. பெருங்கதையாடல் ஒன்றுக்குள் யார் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பது இந்த மாதிரி நேரங்களில்தான் வெளியே தெரியும்.

வந்தவர்களை எப்படி வைத்துக்கொண்டோம்? நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொஞ்சம் பேர், நூற்பாலைகளில் கொஞ்சம் பேர். கடன் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னார்கள்; ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவளுக்கு என்ன வியாபாரம் தெரியும்? மற்றவர்கள் சிதறினார்கள். அங்கே அவர்கள் 'கள்ளத்தோணி', 'இந்தியாக்காரன்'. இங்கே 'சிலோன்காரன்'. எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயில் சண்டை வந்தால் ஆச்சியைப் பார்த்து, "சிலோன்ல இருந்து வந்தவளுக்கு இவ்வளவு வாயா?" என்பார்கள். இலங்கை வானொலியில் பாட்டுப் போடுவதைக் கேட்க டீக்கடையில் கூட்டமாக நின்ற அதே ஊர்தான். சிலோன் பாட்டு வேண்டும், சிலோன் ஆள் வேண்டாம்.

இது பழங்கதை இல்லை. 1983 க்குப் பிறகு படகில் தப்பி வந்தவர்களில் மலையக வம்சாவளியினரும் பெருந்தொகை. ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்கள், கப்பல் நின்றுபோனதால் முறையாக வர முடியாமல் அகதியாக வந்தார்கள். அவர்களை முகாமில் அடைத்தோம். 2003 இல் திருத்திய இந்தியக் குடியுரிமைச் சட்டம் அவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' வகையில் கொண்டுபோய் வைத்தது. அதே 2003 இல் இலங்கை, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை தந்தது. தேதியைப் பாருங்கள், ஒப்பந்தத்தின் அதே தேதி. முகாமில் இருப்பவர்கள் அங்கே 'வசிக்கவில்லை'. 2009 இல்தான் அவர்களுக்காக அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2019 ஜூன் 17 இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இவர்களின் வழக்கில், இவர்கள் நிலைமை வேறு, இவர்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021 இல் தமிழக அரசு அகதி முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியதை நான் குறைசொல்லவில்லை. முகாம் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் சேரவில்லை, நாடற்றவர் பற்றிய 1954, 1961 உடன்படிக்கைகளிலும் சேரவில்லை. ஆனால் ஒவ்வொரு சர்வதேச மேடையிலும் சர்வதேசச் சட்டத்தை மதித்து அமைதி காண அழைப்பு விடுக்கிறது.

8

அப்படியானால் சர்வதேசச் சட்டம் வெறும் பம்மாத்து, அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பதா? இல்லை. அப்படிச் சொல்வது நமக்குச் சுகம், முகாமில் இருப்பவனுக்கு நஷ்டம். 15 ஆவது பிரிவு என்று ஒன்று இருப்பதால்தான் 1948 சட்டம் அநியாயம் என்று ஒரு பொது மொழியில் நம்மால் சொல்ல முடிகிறது. மதுரைக் கோர்ட்டில் வழக்குப் போட்டவர்கள் சட்டத்தின் சொற்களைக் கொண்டுதான் போட்டார்கள். அதிகாரத்தின் சொல்லாடலுக்குள் நுழைந்து அதன் சொற்களையே அதற்கு எதிராகத் திருப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். நீதியான அமைதி வேண்டும் என்று எந்த நாடு அழைப்பு விடுத்தாலும், அது உக்ரைனுக்கானாலும் காஸாவுக்கானாலும் ஈழத்துக்கானாலும், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். இந்த அமைதியில் யார் இடம் மாற வேண்டியிருக்கிறது? மாற வேண்டியவர்களுக்கு அந்த அறையில் நாற்காலி உண்டா? அவர்கள் 'முடியாது' என்று சொன்னால் அது செல்லுமா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வராத எந்த அமைதியும், அது எவ்வளவு சட்டபூர்வமாக இருந்தாலும், பெரட்டுத்தான். இந்தக் கேள்விகளை நமக்குப் பிடித்த தரப்பிடமும் கேட்க வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆச்சி செத்து வெகுநாளாகிறது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையை ஒரு தகர டப்பாவில், பீடி இலை மணக்க, வைத்திருந்தாள். எதற்கும் பயன்படாத அட்டை. "தூரப் போட்டுருங்க ஆச்சி" என்றேன் ஒருமுறை.

"அது எப்படிப் போடுறது? திரும்பவும் வந்து பேர் வாசிச்சான்னா காட்ட வேணாமா?" என்றாள்.

அவள் தங்கை அங்கே குடிமகளாக இறந்தாளா, நாடற்றவளாகவே இறந்தாளா என்பது ஆச்சிக்குக் கடைசிவரை தெரியவில்லை.